கல்லின் ஊர் குறித்த அறிஞர்

சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு வடக்கே, சேர்வராயன் மலையடிவாரத்தில் வெள்ளைக்கல் மேடுகள் உள்ளன. ஆங்கிலேயர் அவற்றைச் சுண்ணக் குன்றுகள் என்றனர். அங்கு விளைவது சுண்ணம் அன்று; மக்னீசியக் கார்பனேட்டாகிய மாக்னசைட். எஃகு உலையின் வெம்மை தாங்கும் செங்கல்லுக்கு அதுவே மூலப்பொருள்.

அம்மண்ணை ஆராய்ந்தவருள் ஒருவர் இராபர்ட் புரூஸ் பூட். 1834இல் இங்கிலாந்தில் பிறந்த அவர், 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்து, இந்நாட்டு மாந்தரின் தொன்மையை உலகறியச் செய்தார். வில்லியம் கிங்குடன் இணைந்து எழுதிய சேலம் வட்டார நிலவியல் அறிக்கை 1864இல் வெளிவந்தது.

கல் திரட்டுவோர் பலர். பூட், தாம் திரட்டிய கல்லோடு அது கிடைத்த இடத்தையும் குறித்துவைத்தார். அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல், தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து அச்சேற்றிய பாதிரியார். மாமனார் மக்கள் நாவிலிருந்து சொல்லைத் திரட்டினார். மருமகன் மண்ணிலிருந்து கல்லைத் திரட்டினார்.

பிற்காலத்தில் பூட் ஏற்காட்டில் வாழ்ந்தார். அவர் சேர்த்த தொல்கருவிகளை 1904இல் சென்னை அருங்காட்சியகம் விலைக்குப் பெற்றது. 1912இல் அவர் மறைந்தார். அவற்றின் விளக்கப் பட்டியல் 1914இல் அச்சேறியது. ஊர்ப்பெயர் உடனிருப்பதால் அக்கற்கள் இன்றும் ஆய்வாளருக்குச் சான்று பகர்கின்றன. நம் வட்டாரச் சொற்களையும் அவை வழங்கும் ஊரோடு குறித்துவைத்தல் கவிஞராகிய நம் கடன்.