பனிமலையில் ஒரு சமாரியப் பெண்
(சேசு சபைத் தந்தை இப்போலித்தோ தெசிதேரியின் வரலாறு)

நல்ல சமாரியன் உவமையை அறியாத கிறிஸ்தவர் இல்லை. அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவியவன் அவனுடைய இனத்தானும் அல்லன். அவன் தொழுத ஆலயத்தில் தொழுதவனும் அல்லன். ஆயினும் அவ்வுவமையைக் கேட்கும்போதெல்லாம் நாம் நம்மைச் சமாரியனாகவே எண்ணிக்கொள்கிறோம். உதவி பெற்றவனின் இடத்தில் நின்ற ஒரு குருவானவரின் வரலாற்றை இந்த ஜூபிலி மலரின் வாசகர்களுக்கு வழங்க விரும்புகிறோம்.

இப்போலித்தோ தெசிதேரி 1684-ஆம் ஆண்டு இத்தாலி நாட்டில் பிஸ்தோயா நகரில் பிறந்தார். 1700-இல் சேசு சபையில் சேர்ந்தார். திபெத்தில் வேதம் போதிக்க அனுமதி பெற்று 1712-இல் உரோமையை விட்டுப் புறப்பட்டு, மறு ஆண்டு கோவா வந்து சேர்ந்தார். 1714-இல் டில்லியிலிருந்து அவர் வடக்கே பயணமானபோது அவருடன் சென்றவர் மனுவேல் பிரெய்ரே என்னும் போர்த்துக்கீசியத் தந்தை. வயதில் மூத்த அவரே பயணத்தின் தலைவர்.

காஷ்மீரத்தில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, 1715 மே மாதம் இருவரும் மலையேறினர். ஆண்டவருடைய விண்ணேற்றத் திருநாளாகிய மே 30 அன்று, காஷ்மீரத்தையும் லடாக்கையும் பிரிக்கும் பனிமலையைக் கடந்தனர். பனியின் ஒளி பட்டுத் தெசிதேரியின் கண்கள் வீங்கி வலித்தன. சில இடங்களில் ஒருவர் பின் ஒருவராகவே நடக்க முடிந்தது; கால் சறுக்கினால் கீழே பாதாளம். ஏறத்தாழ 40 நாள் கால்நடைக்குப் பின் லே நகரை அடைந்தனர். லடாக் அரசர் அவர்களை அன்போடு வரவேற்றார். அங்கேயே தங்கிவிடத் தெசிதேரி விரும்பினார். ஆனால் வந்த வழியே திரும்ப அஞ்சிய பிரெய்ரே, கிழக்கே லாசா வழியாக இந்தியா திரும்பலாம் என்றார். இளையவர் தலைவருக்குக் கீழ்ப்படிந்தார். ஆகஸ்டு மாதம் மீண்டும் புறப்பட்டனர்.

செப்டம்பரில் தஷிகாங் என்னும் எல்லை ஊருக்கு வந்தபோதுதான் முன்னிருந்த ஆபத்து புரிந்தது. அதற்கப்பால் மரமில்லை, ஊரில்லை. மாதக்கணக்கில் உயர்ந்த பாலைநிலம். குளிர்காலமும் நெருங்கிவிட்டது. தனியாகச் செல்பவர் உயிரோடு கரைசேர்வது அரிது.

அப்பகுதிப் படைகளின் தலைவராயிருந்து இறந்துபோன மங்கோலிய ஆளுநரின் விதவை, படைவீரரோடும் பரிவாரத்தோடும் அவ்வேளையில் லாசாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். புத்த சமயத்தைச் சேர்ந்த பெண்மணி. இவர்கள் யாரென்றோ எந்த நாட்டாரென்றோ முன்பின் அறியாதவள். தந்தையர் அவளை அணுகித் துணை வேண்டினர். அவளோ தயங்காமல் அந்த அந்நியரைத் தன் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டாள்.

அக்டோபரில் பயணம் தொடங்கியது. கயிலை மலையையும் மானசரோவர் ஏரியையும் நவம்பரில் கடந்தனர். அவற்றைக் கண்டு எழுதிவைத்த முதல் ஐரோப்பியருள் தெசிதேரியும் ஒருவர். இரவில் உறைந்த தரையே படுக்கை. எரிக்க விறகில்லை, காய்ந்த சாணமே எரிபொருள். வறுத்த வாற்கோதுமை மாவே உணவு. ஒரு நாள் பிரெய்ரேயின் குதிரை பனியில் விழுந்துவிட, அவர் கூட்டத்துக்குப் பின்தங்கி இரவில் தனித்துப்போனார். இளவரசி ஆள் அனுப்பித் தேடிப்பிடித்து அவரை மீட்டாள். வேதம் போதிக்க வந்தவர்கள் அந்தப் பெண்ணின் தயவால் உயிர் பிழைத்தனர். 1716 மார்ச் 18 அன்று லாசா நகரை அடைந்தனர்.

பிரெய்ரே விரைவில் இந்தியா திரும்பினார். தெசிதேரி தனியே தங்கினார். அரசர் லாசாங் கான் அவருக்கு ஆதரவளித்து, புத்த மடங்களில் கற்கவும் வழிசெய்தார். பெரிய சேரா மடத்தில் அவருக்கு அறை தந்தார்கள். அங்கேயே பூசை நிறைவேற்றவும் இடமளித்தார்கள். மறுத்துப் பேசுவதற்கு முன் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதை உணர்ந்த தெசிதேரி, பிக்குகளின் நூல்களைப் பிக்குகளோடு அமர்ந்து படித்தார். திபெத்து மொழியிலேயே வேத விளக்க நூல்கள் எழுதினார். 1717-இன் இறுதியில் படையெடுப்பு நேர்ந்து அரசர் கொல்லப்பட்டார். தெசிதேரி தாக்போ மாநிலத்துக்குச் சென்று தம் எழுத்துப் பணியைத் தொடர்ந்தார்.

திபெத்து மறைபணி கப்புச்சின் சபையாருக்கே உரியது என்று உரோமையிலிருந்து தீர்ப்பு வந்தது. 1721-இல் அவர் கனத்த மனத்தோடு கீழ்ப்படிந்து வெளியேறினார். பிறகு புதுச்சேரி வந்து தமிழ் கற்றுப் பணிசெய்தார். 1727-இல் அங்கிருந்து கப்பலேறியபோது, 1693-இல் ஓரியூரில் இரத்தம் சிந்திய அருளானந்தருக்கு முத்திப்பேறு பட்டம் வேண்டும் ஆவணங்களையும் எடுத்துச் சென்றார். தம் சபைக்காக உரோமையில் வாதாடினார். அந்த வழக்கும் தோற்றது. தம் பயண வரலாறு அச்சேறக் காணாமலே 1733 ஏப்ரலில், 48 வயதில் காலமானார். அக்கையெழுத்துப் பிரதி 1875-இல்தான் பிஸ்தோயாவில் வெளிப்பட்டது.

உலகக் கணக்கில் அவருடைய வாழ்வு தோல்வியாகத் தோன்றலாம். திபெத்தில் அவர் ஆலயம் எழுப்பவில்லை, சபையும் நிறுவவில்லை. ஆனால் தம்மைக் காத்த அந்தப் பெண்மணியை அவர் மறக்கவில்லை. தம் நூலில் நன்றியோடு அவளை நினைவுகூர்ந்தார். அவளுடைய உதவி இல்லாதிருந்தால் அவர் கற்ற கல்வியும் இல்லை, எழுதிய நூல்களும் இல்லை.

அன்பான இறைமக்களே! ஜூபிலி ஆண்டில் நாம் செய்த உதவிகளை எண்ணிப் பார்ப்பது எளிது. நாம் பெற்ற உதவிகளை, அதுவும் நம் விசுவாசத்தைச் சேராதவர் கையிலிருந்து பெற்றவற்றை எண்ணிப் பார்ப்போமாக. நோயில் இரத்தம் தந்தவர், வெள்ளத்தில் வீட்டைத் திறந்துவிட்டவர், துன்பத்தில் அரிசி அளந்தவர் பெயர்களையும் நம் செபங்களில் சேர்ப்போமாக. வழியில் கிடந்தவன் தன்னைத் தூக்கிய கையை மறக்கலாகாது.