கரிசல் நிலத்து ஓவியர் கொண்டைய ராஜு

மழை பொய்க்கும் கரிசற் பூமியிலே கலை தழைக்குமோ என்று ஐயுறுவார் பலர். கோவிற்பட்டியிலே வாழ்ந்து மறைந்த ஓவியர் சி. கொண்டைய ராஜுவின் வரலாறு அவ்வையத்தைப் போக்கவல்லது.

இவர் 1898ஆம் ஆண்டில் சென்னை மயிலாப்பூரிற் பிறந்தார். சென்னை ஓவியப் பள்ளியிற் பயின்று தேர்ந்தார். துறவில் நாட்டங் கொண்டு, திருவண்ணாமலையில் இரமண முனிவரின் ஆசிரமத்திற் சிலகாலம் தங்கினார். எனினும் தூரிகை அவரை விட்டிலது. நாடகக் குழுவொன்றிற் சேர்ந்து, அரங்கின் பின்னே தொங்கும் திரைகளைத் தீட்டுந் தொழிலை மேற்கொண்டார். 1940களில் அக்குழு கோவிற்பட்டியிற் கலைந்தது. அவரோ சென்னைக்கு மீளாது அவ்வூரையே தம் ஊராகக் கொண்டார். நிழற்படச் சாலையொன்றை நிறுவி, டி. எஸ். சுப்பையா முதலிய மாணாக்கரோடு தெய்வத் திருவுருவங்களைத் தீட்டலானார்.

நாடகத் திரையைக் கண்டு மகிழ்வோர் அவ்வரங்கில் அமர்ந்தோர் மட்டுமே. இவர்தம் சித்திரங்களையோ அயலூராகிய சிவகாசியின் அச்சகங்கள் நாட்காட்டிகளாக்கி நாடெங்கும் பரப்பின. அவ்வச்சின் இயல்பு வியக்கத்தக்கது. 1796இல் ஜெர்மானிய நாட்டிலே அலாய்ஸ் செனஃபெல்டர் கண்ட கல்லச்சு முறை, எண்ணெயும் நீரும் ஒட்டா என்னும் உண்மையிலே நிலைபெற்றது. நீரின் நுண்டுகள்கள் தம்முள் இறுகப் பற்றி நிற்றலின் எண்ணெயைத் தம்மிடைப் புகவிடா. ஆதலின், எண்ணெய்ப் பசையால் வரைந்த இடம் மையை ஏற்கும். நீர் நனைத்த இடம் அதனை விலக்கும். பிற்காலத்தில் கல்லினிடத்தைத் தகடு பெற்றபோதும் இவ்வுண்மை மாறவில்லை. நீர்மேல் வண்ணங்களை மிதக்கவிட்டுத் தாளில் ஒற்றியெடுக்கும் துருக்கியரின் எப்ரு என்னுங் கலையும் இதற்கு உறவினதே. ஆங்கும் நீர்ப்பரப்பின் இழுவிசையே நிறங்களை விரித்துக் கோலஞ் செய்கின்றது.

பலவண்ணப் படமெனின், ஒரே தாளின்மேல் ஒவ்வொரு நிறமும் தனித்தனியே பதிதல் வேண்டும். காற்றில் ஈரம் மிகின் தாள் விரியும். முதல் நிறம் பதிந்த வரம்பை அடுத்த நிறம் தவறும். வறண்ட கரிசற் காற்றோ அத்தீங்கினைப் பெரிதும் தவிர்த்தது. உழவர் நொந்த வறட்சி அச்சுத் தொழிலோர்க்கு வரமாயிற்று.

இங்ஙனம், மாளிகையிலன்றிக் குடிசையிலும் சிறு கடையிலும் இவரது ஓவியம் இடம்பெற்றது. ஆண்டு கழிந்தபின் நாட்காட்டியின் தாள்கள் போயினும், படம் மட்டும் கண்ணாடிச் சட்டமேறிப் பூசையறை புகுந்தது. வாங்கியோருட் பலர் வரைந்தவர் பெயரை அறியார். அவர் 1976இல் கோவிற்பட்டியிலேயே மறைந்தார்.

சமயத்தால் வேறுபட்ட யாமும் இவர்தம் உழைப்பைப் போற்றுகின்றோம். கல்வி முற்றியதும் பெருநகரை நாடவே எண்ணுகின்றோம். இவரோ பெருநகரிற் பிறந்து, தொழில் கலைந்து நின்ற சிற்றூரையே உவந்து ஏற்றார். நாம் நிற்கும் நிலத்தின் குறையையே அதன் நிறையாகக் காணும் கண்ணை இவர் வரலாற்றினின்றும் பெறுவோமாக.