ரசிகமணியின் ஞாயிற்றுக்கிழமைகள்



மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. நினைத்ததைச் சாதிக்க உதவும் நல்ல பழக்கங்கள் பற்றி ஒரு கட்டுரை வேணும், பத்தாம் தேதிக்குள் வந்து சேரணும் என்று அன்புக் கட்டளை. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நம்ம 1978-81 செட்டில் நினைத்ததைச் சாதிக்காதவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டால் முதல் பெயர் என்னுடையதாகத்தான் இருக்கும்.

பிரிவு உபசார விழா அன்றைக்கு ஒவ்வொருத்தியும் என்ன ஆகப்போகிறோம் என்று சொன்னோமே, ஞாபகம் இருக்கிறதா? ஒருத்தி டாக்டர், ஒருத்தி கலெக்டர். நான் எழுந்து, கம்பராமாயணம் முழுவதையும் படித்து முடிப்பேன் என்றேன். கடைசி பெஞ்சில் இருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்புக்கு உரியவள் இப்போதும் மேலகரத்தில்தான் இருக்கிறாள். பெயரைப் போட்டால் சண்டைக்கு வந்துவிடுவாள்.

அதற்குப் பிறகு தபால் ஆபீசில் வேலை, கல்யாணம், பிள்ளைகள். வருஷா வருஷம் ஜனவரி ஒன்றாம் தேதி ஒரு புது நோட்டு வாங்குவேன். கம்பன் என்று மேலே எழுதி, பிள்ளையார் சுழியும் போடுவேன். பொங்கல் வருவதற்குள் அது பால் கணக்கு நோட்டாகிவிடும். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் இதுதான் கதை. எனக்கு மனவுறுதி போதாது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியவர் நம்ம குற்றாலத்தில் வாழ்ந்து மறைந்த ஒரு பெரியவர். ரசிகமணி டி.கே.சி. என்று தமிழ்நாடு முழுவதும் அறிந்த டி.கே. சிதம்பரநாத முதலியார் அவர்கள். அவருடைய வாழ்க்கையைச் சொன்னாலே மலர்க் குழு கேட்ட கட்டுரை ஆகிவிடும்.

டி.கே.சி. 1882-இல் பிறந்தார். பி.ஏ., பி.எல். படித்தவர். திருநெல்வேலியில் வக்கீல். ஆனால் கோர்ட்டும் கட்சிக்காரர்களும் அவருடைய மனசைப் பிடித்துக்கொள்ளவில்லை. 1920-களின் பிற்பகுதியில் சென்னை மாகாணச் சட்டசபையில் உறுப்பினராக இருந்தார். 1930-களின் முற்பகுதியில் இந்து அறநிலைய வாரியத்தில் கமிஷனராக இருந்தார். இதெல்லாம் அந்தக் காலத்தில் சின்னப் பதவிகளா? ஆனாலும் இன்றைக்கு அவரை நினைப்பவர்கள் யாரும் இந்தப் பதவிகளுக்காக நினைப்பதில்லை. தமிழ்க் கவிதையை, அதிலும் கம்பனை, சாதாரண ஜனங்கள் அனுபவிக்கும்படி செய்தவர் என்றுதான் நினைக்கிறார்கள். இத்தனை உத்தியோகத்துக்கு நடுவில் அவருக்கு அதற்கு நேரம் எங்கிருந்து கிடைத்தது? என்னைக் குடைந்த கேள்வி இதுதான்.

விடை அவருடைய வீட்டிலேயே இருந்தது. திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் இருந்த அந்த வீட்டில் வட்டமான ஒரு தொட்டிக்கட்டு உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலையானால் நண்பர்கள் அங்கே வந்து கூடுவார்கள். அதுதான் வட்டத்தொட்டி. தலைவர், செயலாளர், சந்தா, தீர்மானம் எதுவும் கிடையாது. வருவார்கள், உட்காருவார்கள், டி.கே.சி. ஒரு பாட்டை எடுப்பார். மாலை இருட்டும்வரை அந்தப் பாட்டுத்தான். அடுத்த ஞாயிறு மறுபடியும் கூடுவார்கள். நேரம் கிடைத்தால் படிப்போம் என்று அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. அந்த நேரத்துக்கு வேறு சோலி வைத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். இது முதல் பழக்கம்.

இரண்டாவது, அவர் படித்த விதம். ஒரே நாளில் ஒரு படலத்தை முடிக்கிற அவசரம் அவருக்கு இல்லை. ஒரு பாட்டை எடுத்தால் வாய்விட்டுச் சொல்வார். திரும்பவும் சொல்வார். ஒரு சொல்லில் நின்று, அதன் பாவத்தை முகத்திலும் கையிலும் காட்டி, திருநெல்வேலிப் பேச்சுத் தமிழிலேயே காட்சியை விளக்கி, மறுபடியும் முதல் அடிக்கு வருவார். கேட்கிறவர் இலக்கணம் படித்தவராக இருக்கவேண்டிய அவசியம் இல்லை. இப்படியே ஒவ்வொரு பாட்டாக வருஷக்கணக்கில் உரசிப் பார்த்துத்தான் கம்பனில் தம் மனசுக்கு உண்மையான கவி என்று பட்டவற்றைப் பொறுக்கி எடுத்தார். கடைசிக் காலத்தில் அவை உரையோடு 'கம்பர் தரும் ராமாயணம்' என்று மூன்று பாகங்களாக வந்தன. முத்தொள்ளாயிரத்துக்கும் அவர் உரை எழுதினார்.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பல பாட்டுகளை இடைச்செருகல் என்று தள்ளினார், சில இடங்களில் சொல்லையே திருத்தினார் என்று புலவர்கள் அவர்மீது கடுமையாகக் குற்றம் சாட்டினார்கள். ஏட்டில் உள்ளதை மாற்ற ஒருவருக்கு என்ன உரிமை என்ற அவர்களுடைய கேள்வி நியாயமானது. இன்றைக்கும் அந்த வழக்கு தீர்ந்துவிடவில்லை. ஒரே பாட்டோடு நெடுநாள் பழகுகிற பழக்கத்தில் இந்த ஆபத்தும் இருக்கிறது. அது நம்முடைய பாட்டு என்றே ஆகிவிடுகிறது.

மூன்றாவது பழக்கம் கடிதம். படித்ததை, ரசித்ததை, வந்த விருந்தாளியை, பெய்த சாரலை எல்லாம் நண்பர்களுக்கு எழுதிவிடுவார். இங்கிலீஷ் படித்தவர்கள் இங்கிலீஷில்தான் கடிதம் எழுத வேண்டும் என்றிருந்த காலத்தில், பேசுகிற தமிழில் எழுதினார். அந்தக் கடிதங்களே பிற்பாடு புத்தகமாயின. முப்பத்தாறு வருஷம் ஊரார் கடிதங்களுக்கெல்லாம் முத்திரை குத்தினேன். நானாக உட்கார்ந்து எழுதிய கடிதங்களை எண்ணிப் பார்த்தால் இரண்டு கை விரல்களுக்கு மேல் வராது. இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

பின்னாளில் டி.கே.சி. குற்றாலத்திலேயே வந்து தங்கிவிட்டார். வட்டத்தொட்டியும் கூடவே வந்துவிட்டது என்று சொல்லலாம். ராஜாஜி வந்தார், கல்கி வந்தார். வந்தவர்களுக்கு அருவிக் குளியல், இலைச் சாப்பாடு, அதன்பின் கவிதை. 1940-களில் தமிழிசைக்காகப் பெரிய கிளர்ச்சி எழுந்தபோது இவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் நின்றார்கள்.

அந்த ஞாயிறுகளால் டி.கே.சி. ஒருவர் மட்டும் பலன் அடையவில்லை. கூட இருந்தவர்களையும் பாருங்கள். தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் ரெவின்யூ இலாகா அதிகாரி. ஜமாபந்தியும் முகாமுமாக அலைகிற உத்தியோகம். ஆனாலும் கோயில் கோயிலாகப் போய், 'வேங்கடம் முதல் குமரி வரை' எழுதினார். தஞ்சாவூர்க் கலைக்கூடம் 1951-இல் உருவாகக் காரணமாக இருந்தவரும் அவரே. ச. மகாராஜன் நீதிபதி, உயர்நீதிமன்றம் வரை போனவர். தீர்ப்பு எழுதிய கையாலேயே ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டையும் மாக்பெத்தையும் தமிழில் தந்தார். டி.கே.சி.யின் அன்பைப் பெற்ற இளைஞர்களில் இடைசெவல் கி. ராஜநாராயணனும் ஒருவர். பேச்சுத் தமிழுக்கு மதிப்புக் கொடுத்த பெரியவரிடம் பழகிய அந்த விவசாயி, கரிசல் காட்டுப் பேச்சிலேயே எழுதி 1991-இல் சாகித்ய அகாதமி பரிசு பெற்றார். ஆளாளுக்கு லட்சியம் வேறு. ஆனால் எல்லாருக்கும் காத்துக்கொண்டிருக்க ஒரு கூட்டாளிக் கூட்டம் இருந்தது. வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் இருந்தது. என்னுடைய ஜனவரி நோட்டுக்கு அப்படிக் கேட்க யாரும் இல்லை.

பழக்கம் என்பது நல்ல நாளில் மட்டும் உதவுகிறது என்றால் அதைப் பற்றி எழுதவே வேண்டாம். டி.கே.சி.யின் ஒரே மகன் தீத்தாரப்பன், தீபன் என்று நண்பர்கள் அழைத்த இளைஞர், தந்தை இருக்கும்போதே காலமானார். அந்தத் துயரத்தில் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ஒரு இரங்கல் பாட்டு எழுதி அனுப்பினார். பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனார் அந்தப் பாட்டைக் கையில் எடுத்து, அதிலுள்ள கவியை உணர்ந்து மெச்சினார் என்று அவரை அறிந்தவர்கள் சொல்வார்கள். கல்லூரி நாளில் இதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. இதென்ன மனுஷன், கல் நெஞ்சா என்று நினைத்தேன். புரிந்துகொள்ள நாற்பது வருஷம் ஆயிற்று.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், 2019 ஜனவரியில் மேலகரத்துக்காரியிடமும் இலஞ்சியில் கடை வைத்திருக்கும் இன்னொரு தோழியிடமும் வட்டத்தொட்டிக் கதையைச் சொன்னேன். அந்த ஞாயிறே தென்காசியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் கூடினோம். எங்களுக்கு வட்டமும் கிடையாது, தொட்டியும் கிடையாது. மாலை ஐந்து மணி, ஒரு பாட்டு, ஒரு காப்பி. அவ்வளவே ஏற்பாடு. மேலகரத்துக்காரி தமிழ் டீச்சராக இருந்தவள் என்பதால் பதம் பிரித்துச் சொல்லுவாள். 2020 ஊரடங்கில் திண்ணை போயிற்று, போனில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டோம். லைன் அறுந்து அறுந்து வரும். இருந்தாலும் பாட்டு நடந்தது.

2021-இல் என் வீட்டுக்காரர் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பினார்கள். அடுத்து வந்த ஞாயிறு ஐந்து மணிக்கு இரண்டு பேரும் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்கள். நான் உள்ளே படுத்திருந்தேன். அவர்கள் கூப்பிடவில்லை. புத்தகத்தைத் திறந்து, போன வாரங்களில் விட்ட இடத்திலிருந்து ஒருத்தி மெதுவாக வாசிக்க ஆரம்பித்தாள். ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னாள். இரண்டாம் தடவையும் தப்பு. நான் உள்ளே இருந்தபடியே திருத்தினேன். பிறகு எழுந்து வெளியே வந்துவிட்டேன். தெரிந்தே தப்பாக வாசித்தாளா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. தீபனை இழந்த தகப்பனார் கவிமணியின் பாட்டைக் கையில் எடுத்தது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கிற்று. அது கல் நெஞ்சு இல்லை. விழுகிறவன் பழகிய கம்பைப் பிடிக்கிறான்.

லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தார் இதைப் பற்றி ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள். 2009-இல் வெளியான முடிவு. 96 பேர் ஒரு சின்னச் செயலைத் தேர்ந்தெடுத்து 12 வாரம் தினமும் செய்து வந்தார்கள். சிலருக்கு 18 நாளில் அது தானாக வரும் பழக்கமாயிற்று, சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது, நடுத்தரமாக 66 நாள். எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு சேதி. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனாலும் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லையாம். இது எனக்கு 1982-லேயே தெரிந்திருந்தால் எத்தனை நோட்டு பால் கணக்காகாமல் தப்பியிருக்கும்! ஒரு நாள் விட்டதும் எல்லாம் போச்சு என்று மூடி வைத்தவள் நான்.

டி.கே.சி. 1954 பிப்ரவரி 16-ஆம் தேதி குற்றாலத்தில் காலமானார். அதே வருஷம் டிசம்பரில் கல்கியும் மறைந்தார். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவருடைய ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்று தென்காசித் திண்ணையில் நடந்துகொண்டிருக்கிறது.

சரி, கம்பராமாயணத்தை முடித்தாயா என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாட்டு பதினாயிரத்துக்கு மேல். வாரம் ஒன்று என்றால் வருஷத்துக்கு 52. முடிக்க ஏறக்குறைய இருநூறு வருஷம் ஆகும்! எனவே முடிப்பேன் என்று சொன்னதை இந்த மலர் மூலமாக வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். முந்நூறை ஒட்டிய பாட்டுகள் வாயில் இருக்கின்றன. அடுப்படியில் நிற்கும்போது தானாக வருகின்றன. பிரிவு உபசார விழாவில் நான் கேட்டது இதைத்தான் போலிருக்கிறது, சொல்லத் தெரியவில்லை.

நம் சந்திப்பு முடிந்து ஊருக்குத் திரும்புமுன் ஞாயிறு மாலை யாருக்காவது பஸ் பிடிக்க நேரம் இருந்தால், திண்ணையில் இடம் இருக்கிறது. பாட்டுத் தெரியவேண்டிய அவசியம் இல்லை. ஐந்து மணிக்கு வந்துவிட வேண்டும், அது ஒன்றுதான் சட்டம். முடியாதவர்கள் ஊரில் இரண்டு பேரைப் பிடித்துக்கொள்ளுங்கள். தையலோ, நடையோ, கணக்கோ, உங்களுடைய பழைய ஆசை எதுவோ அதற்கு ஒரு கிழமையும் ஒரு மணியும் வையுங்கள். கூடவே எனக்கு ஒரு கார்டு போடுங்கள். இந்த முறை கட்டாயம் பதில் எழுதுவேன்.