பறவைகளுக்காகக் கையேந்திய பெருந்தகை

மயிலுக்குப் போர்வை ஈந்தான் பேகன். முல்லைக்குத் தேர் ஈந்தான் பாரி. மயில் இரக்கவில்லை, முல்லையும் வாய் திறந்து கேட்கவில்லை. கேளாமலே கொடுத்ததனாலன்றோ அவ்விருவரும் வள்ளல்கள் வரிசையில் நின்றனர்! பிற்காலத்தில் செல்வம் படைத்தோர் பலராயினர்; கேளாமற் கொடுப்போர் அருகினர். ஆகவே மயிலின் பொருட்டு வாயில்தோறும் சென்று கேட்க ஒருவர் வேண்டியவரானார். நம் நாட்டில் அரை நூற்றாண்டுக்கு மேல் அப்பணியைச் செய்தவர் பறவையியல் அறிஞர் சாலிம் அலி. அவர் பறவைகளை ஆராய்ந்த வரலாறு பலரும் அறிந்ததே. அவற்றின் பொருட்டுப் பொருள் திரட்டிய வரலாறு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவ்வரலாறு தொடங்கிய இடம் நாம் குடியேறி வாழும் இந்த ஐதராபாத் என்பதை நம் குகட்பள்ளித் தமிழ்க் குடும்பத்தார் அறிதல் நலம்.

1896-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் பம்பாயில் பிறந்த சாலிம் அலி, இளம் பருவத்திலேயே பெற்றோரை இழந்து, தாய்மாமன் அமிருதீன் தயாப்ஜியின் இல்லத்தில் வளர்ந்தார். சிறுவனாக இருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் வீழ்த்திய ஒரு சிட்டின் தொண்டையில் மஞ்சள் நிறம் கண்டு, அஃது யாதென வினவுவதற்காகப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார். அன்று ஏறிய படியை அவர் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. பர்மாவிலே சுரங்கமும் மரமுமாகக் குடும்பத் தொழில் பார்த்தும் அது கைகூடவில்லை. பம்பாய் அருங்காட்சியகத்தில் கிடைத்த விளக்கவுரையாளர் வேலையிலிருந்து விடுப்புப் பெற்றுப் பெர்லின் சென்று, எர்வின் ஸ்திரேஸ்மான் என்னும் பேரறிஞரிடம் பயின்று 1930-இல் திரும்பினார். திரும்பியபோது அந்த வேலையே இல்லை; பணமின்மையால் அப்பதவி எடுக்கப்பட்டுவிட்டது.

வேலையில்லாத ஒரு மனிதர் அரசர்களிடம் சென்று கேட்கத் துணிந்த காலம் இதுவே. அந்நாளில் இந்தியப் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்கு சமஸ்தானங்களின் வசம் இருந்தது. அவற்றின் பறவைச் செல்வம் முறையாக எண்ணப்படவில்லை. சாலிம் அலி, தமக்கு ஊதியம் வேண்டா, பயணச் செலவும் முகாம் செலவும் கிடைத்தாற் போதும் என்று முன்வந்தார். நிஜாம் அரசு இசைந்தது. 1931-இல் ஐதராபாத் சமஸ்தானப் பறவை ஆய்வு தொடங்கிற்று. துணைவியார் தெமினா அம்மையாரும் முகாம்களுக்கு உடன் சென்றார். இன்று அம்ராபாத் புலிகள் காப்பகமாக விளங்கும் நல்லமலைக் காடுகளிலும், மராட்டியம் பேசும் வடமேற்கு மாவட்டங்களிலும் கூடாரம் அடித்துப் பறவைகளைச் சேகரித்தனர். நம் குகட்பள்ளி அப்போது நகருக்கு வெளியே இருந்த சிற்றூர். இன்று கழிவுநீர் சுமந்து உசேன் சாகருக்கு ஓடும் குகட்பள்ளி ஓடையை நோக்குவோருக்கு, அந்நாளைய கணக்கெடுப்பின் அருமை விளங்காமற் போகாது. ஆய்வின் முடிவு கழகத்தின் ஏட்டில் தொடர்ந்து வெளியாயிற்று.

அவர் கேட்ட முறையைச் சற்று நின்று நோக்க வேண்டும். தம் உழைப்பை முதலில் வைத்து, அதன்மேல் பிறர் பொருளைக் கேட்டார். இரக்கத்தை அவர் கேட்கவில்லை; நாட்டுப் பெருமையைக் கேட்டார். உம் நாட்டுப் பறவைகளைப் பற்றி நூல் ஒன்று வேண்டாமா என்பதே அவருடைய விண்ணப்பத்தின் உட்பொருள். பொருள் கொடுத்தவருக்குச் செலவுக் கணக்கோடு நூலும் கையில் வந்து சேர்ந்தது. ஆண்டு மலருக்கு விளம்பரம் கேட்டுக் கடை கடையாய் ஏறியிறங்கிய நம் சங்க அன்பர்களுக்கு, இம்முறையின் நயம் நான் சொல்லாமலே புரியும். ஐதராபாத்தைக் கண்ட பிற சமஸ்தானங்களும் வழிவிட்டன: திருவிதாங்கூர், கொச்சி, மைசூர், போபால், இந்தூர், குவாலியர், பகவல்பூர். கட்ச் மகாராவ் விஜயராஜியின் ஆதரவில் நடந்த ஆய்வு, 1945-இல் கட்ச் நாட்டுப் பறவைகள் பற்றிய நூலாயிற்று. இவற்றிடையே 1939-இல் தெமினா அம்மையார் மறைந்தார். அவர் அதன்பின் மறுமணம் நாடவில்லை.

கொடுத்த மன்னர்களிற் பலர் வேட்டைப் பிரியர். பரத்பூர் ஏரியில் 1938-இல் வைசிராய் லின்லித்கோ பங்கேற்ற ஒருநாள் வேட்டையில் வீழ்ந்த பறவைகள் 4,273. இத்தகையோரிடம் பறவைக்காகக் கேட்பது முரணன்றோ எனின், முரண்தான். ஆயினும் ஏரியை வைத்திருந்தவர்கள் அவர்களே. வேட்டைக்காரரை வெறுத்து ஒதுக்கியிருந்தால் ஏரியும் அவரோடு போயிருக்கும்.

வணிகச் செல்வரிடமும் அவர் கேட்கத் தெரிந்தவர். போர்க்காலத்தில் சிங்கப்பூரை விட்டு உயிர்தப்பி இந்தியா வந்த லோக் வான் தோ என்னும் சீனச் செல்வர், திரையரங்குகள் பலவற்றுக்கு உரிமையாளர். பம்பாயில் இருவரும் நண்பராயினர். லோக் பறவைகளைப் படம்பிடிப்பதில் வல்லவரானார். ஆய்வுப் பயணங்களுக்குப் பொருளும் வழங்கினார். கொடையாளி பணம் அனுப்பிவிட்டு வீட்டில் அமராமல், முகாமில் கூட இருந்து பறவையை நோக்கியது அரிய காட்சி. 1964-இல் தைவானில் நேர்ந்த விமான விபத்தில் அவர் மாண்டது சாலிம் அலிக்குப் பேரிழப்பு.

விடுதலைக்குப்பின் அரசர்களின் கருவூலங்கள் மூடின. 1883-இல் நிறுவப்பட்ட இயற்கை வரலாற்றுக் கழகமே பணமின்றி மூடப்படும் நிலைக்கு வந்தது. அவர் பிரதமர் நேருவுக்கு எழுதி உதவி பெற்றார். பரத்பூர் ஏரியை வற்றச் செய்து உழுநிலமாக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோதும் நேருவையே நாடினார். 1956-இல் அது பறவைப் புகலிடமாயிற்று. முன்னாள் மன்னரின் வேட்டையுரிமை மட்டும் 1972 வரை நீடித்தது.

இனிச் சொல்வது கசப்பான பகுதி. வலசைவரும் பறவைகளின் காலில் வளையமிட்டு விடும் பெரும்பணிக்கு, உலக சுகாதார ஸ்தாபனம் முதலில் பொருளுதவி செய்தது. பறவைகள் நோய்க்கிருமிகளைச் சுமந்து வருகின்றனவா என்று அறிவதே அதன் நோக்கம். பின்னர் அமெரிக்கப் படைத்துறை மருத்துவ ஆய்வுப் பிரிவின் பணமும் வந்தது. கிருமிப் போருக்கான ஆய்வுக்கு நம் பறவைகள் பயன்படுகின்றன என்று 1970-களில் பத்திரிகைகளிலும் நாடாளுமன்றத்திலும் கண்டனம் எழுந்தது. அவர் அதனை மறுத்தார். குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை. எனினும் பறவையை மட்டும் நோக்கிய கண், பணம் வந்த திசையைப் போதிய அளவு நோக்கவில்லை என்பதே என் கருத்து.

மற்றொன்றும் உண்டு. பரத்பூரில் எருமை மேய்ச்சலைத் தடுக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். 1982-இல் தடை வந்தது. எதிர்த்த கிராமத்தார் மீது போலீசார் சுட்டதில் உயிர்கள் மாண்டன. எருமைகள் புல்லைக் கட்டுப்படுத்தி ஏரிக்கு நன்மையே செய்தன என்று பின்னர் கழகத்தின் ஆய்வே கண்டது. அரசரிடமும் செல்வரிடமும் பேசத் தெரிந்த அப்பெரியவர், மாடு மேய்ப்போரிடமும் அமர்ந்து பேசியிருக்கலாம். கொடுக்க ஏதும் இல்லாதவன் வாயிலுக்கு எவரும் செல்வதில்லை போலும்.

தம் பங்கைக் கொடுப்பதில் அவர் குறைவைக்கவில்லை. 1975-ஆம் ஆண்டுக்குரிய பால் கெட்டி வனவிலங்குப் பாதுகாப்புப் பரிசாக 50,000 டாலர் வந்தபோது, அது அவர் பெயரால் கழகத்தில் ஓர் இயற்கைப் பாதுகாப்பு நிதிக்கு முதலாயிற்று. கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டுவதைத் தடுக்க எழுந்த குரல்களில் முதுமை எய்திய அவருடைய குரலும் ஒன்று. 1984-இல் அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. எண்பது ஆண்டுக்கு மேலாக எவரும் காணாத ஜெர்டன் கல்குருவியைக் கழகத்தார் 1986-இல் கடப்பை மாவட்டக் காட்டில் மீண்டும் கண்டபோது, அச்செய்தியைக் கேட்க அவர் உயிரோடிருந்தார். 1987-இல் மறைந்தார். மூன்றாண்டு கழித்து, 1990-இல், அவர் பெயரால் பறவையியல் மையம் ஒன்று நிறுவப்பெற்றது. அது அமைந்திருப்பது கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில். விடுமுறைக்கு அப்பக்கம் ஊர் செல்லும் குடும்பத்தார் பிள்ளைகளை அழைத்துச் சென்று அவ்விடத்தைக் காட்டலாம்.