புயலின் வழி கண்டவர்

ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் வங்கக் கடலில் புயல் எழுந்தால், கடற்கரை ஊர்கள் மட்டுமல்ல, மலையடிவாரத்து இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும் வானிலைச் செய்திக்குச் செவிசாய்க்கின்றன. கண்மாய் நிரம்புவதும் கரை உடைவதும் அப்புயல் செல்லும் வழியைப் பொறுத்தவை. அவ்வழியைக் கணிக்க இயலும் என்று இந்திய மண்ணில் முனைந்து காட்டியவர் ஹென்றி பிடிங்டன்.

1797இல் இங்கிலாந்தில் பிறந்த அவர், கப்பலில் பணியாற்றியபின் கொல்கத்தாவில் குடியேறினார். கடல்சார் விசாரணை மன்றத்தின் தலைவராக இருந்ததால், புயலில் சிக்கி மீண்ட கப்பல்களின் நாட்குறிப்புகள் அவர் கைக்கு வந்தன. தந்தி வசதிகூட இல்லாத காலம் அது. ஒரே நாளில் வெவ்வேறு கப்பல்கள் கண்ட காற்றின் திசைகளை வரைபடத்தில் குறித்தபோது, அவை ஒரு மையத்தைச் சுற்றிச் சுழன்றன. சுருண்ட பாம்பை நினைவூட்டிய அச்சுழற்சிக்குக் கிரேக்கச் சொல்லடியாகச் ‘சைக்ளோன்’ என்று பெயரிட்டார். அப்பெயரை இன்று உலகமே வழங்குகிறது.

பெயரைவிடப் பெரிது, அவர் மாலுமிகளுக்குத் தந்த கருவி. ஒளி ஊடுருவும் கொம்புத் தகட்டில் வட்டமும் காற்றின் திசைகளும் வரையப்பட்டிருந்தன. அதைக் கடல் வரைபடத்தின்மீது வைத்துப் புயலின் மையம் எப்பக்கம் உள்ளது என அறியலாம். வடகோளத்தில் காற்றை எதிர்நோக்கி நின்றால் மையம் ஏறத்தாழ வலப்பக்கம் இருக்கும். 1848இல் வெளிவந்த அவரது கையேடு, கற்றறிந்தோர்க்கன்றிக் கப்பலோட்டிகளுக்கென எளிய நடையில் எழுதப்பட்டது.

கடல் எழுந்து ஊருக்குள் புகுவதே புயலின் கொடிய முகம் என்பதையும் அவர் அறிந்திருந்தார். கோதாவரிக் கழிமுகத்துக் கோரிங்கா துறைமுகம் 1789இலும் 1839இலும் அவ்வாறே அழிந்தது. ஆகவே, ஊக்ளி ஆறு தூர்ந்துபோகும் என அஞ்சிய அரசு, சுந்தரவனத்தின் மாத்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் அமைக்க எண்ணியபோது பிடிங்டன் வாளாவிருக்கவில்லை. புயலலை ஒருநாள் அவ்விடத்தை மூழ்கடிக்கும் என்று 1853இல் தலைமை ஆளுநர் டல்ஹௌசிக்கு மடல் எழுதினார். அரசு அதைப் பொருட்படுத்தவில்லை. 1858இல் அவர் மறைந்தார்.

1864 அக்டோபரில் கொல்கத்தாவைத் தாக்கிய புயல் பல்லாயிரவரைப் பலிகொண்டது. அதன் பின்னரே, 1865இல், அத்துறைமுகத்திற்குப் புயல் எச்சரிக்கை முறை ஏற்பட்டது. ஆயினும் மாத்லாக் கரையில் கேனிங் துறைமுகப் பணி நிற்கவில்லை. 1867 நவம்பர் முதல் நாள் புயலலை அதனுள் புகுந்தது. சில ஆண்டுகளில் அத்துறைமுகம் கைவிடப்பட்டது.