வைத்தியர் ஜோஸப் கோல்ட்பர்கர்

தோலின்மேல் தோன்றும் நோயெல்லாம் தோலிலேயே பிறப்பன அல்ல. உணவிலுள்ள குறையொன்று அழற்சியாகவும் புண்ணாகவும் உடம்பின் புறத்தே வெளிப்படுதலும் உண்டு. இவ்வுண்மையை நிலைநாட்டத் தம் உடலையே பணயமாக வைத்த பெரியார் வைத்தியர் ஜோஸப் கோல்ட்பர்கர் ஆவர். அவரது வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1874ஆம் ஆண்டு ஜூலை மாதம் 16ஆம் நாள், அக்காலத்து ஹங்கேரியில், எளிய யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். சிறு பிராயத்திலேயே பெற்றோருடன் அமெரிக்காவிலுள்ள நியூயார்க் நகரை அடைந்தார். தந்தையார் அங்கே மளிகைக் கடை வைத்துக் குடும்பத்தைக் காத்தார். முதலிற் பொறியியல் பயின்ற கோல்ட்பர்கர், பின்னர் மனம் மாறி மருத்துவக் கல்லூரியிற் புகுந்து 1895இல் தேர்ச்சியுற்றார். 1899இல் அரசாங்கச் சுகாதார இலாகாவில் அமர்ந்து, மஞ்சட்காய்ச்சல், டெங்கு, டைபஸ் முதலிய கொடிய காய்ச்சல்களை ஆராய்ந்தார். அவை மூன்றும் அவரையே ஒவ்வொரு காலத்திற் பற்றின. எனினும் உயிர் தப்பினார்.

அந்நாளில் அமெரிக்காவின் தென் மாகாணங்களைப் பெல்லாக்ரா என்னும் நோய் வாட்டிக்கொண்டிருந்தது. வெயில் படும் கைகளிலும் முகத்திலும் தோல் சிவந்து அழன்று, பின் கறுத்துத் தடித்து உரியும்; கழுத்தைச் சுற்றி அட்டிகை இட்டாற்போல் வடு தோன்றும். பின்னர் வயிற்றுப்போக்கும் சித்தக் கலக்கமும் தொடர, பலர் மாண்டனர். இது தொற்றுநோயே என்பது அக்காலத்து வைத்தியர் பலருடைய துணிபு. அதனால், நோயுற்றோரை அயலார் அஞ்சி விலக்கினர்.

1914இல் இதனை ஆராயுமாறு கோல்ட்பர்கர் அனுப்பப்பட்டார். அநாதை விடுதிகளையும் சித்தப் பிரமை மருத்துவசாலைகளையும் சென்று கண்ட அவர், அங்கு வாழ்வோரை நோய் வருத்த, அவர்களோடு நாள்தோறும் பழகும் தாதியரும் பணியாளரும் நலமுடனிருத்தலை நோக்கினார். தொற்றாயின் இவர்களை மட்டும் விடுவதேன்? வேறுபாடு உணவிலே இருந்தது. வறியோர் உண்டது மக்காச்சோள மாவும் வெல்லப்பாகும் பன்றிக் கொழுப்புமே. பாலும் முட்டையும் நல்ல இறைச்சியும் அவர்கட்கு அரியவாயின. மிஸிஸிப்பி மாகாணத்து ஜாக்ஸன் நகர அநாதை விடுதிகளில் அப்பொருள்களைச் சேர்த்து அளிக்கச் செய்தார். பிள்ளைகளின் நோய் ஏறக்குறைய முற்றும் நீங்கிற்று.

உணவு நோயைத் தீர்த்தது; உணவின் குறையே நோயை விளைக்குமோ என்பதையும் அறிதல் வேண்டும் அன்றோ? 1915இல் அம்மாகாணத்துச் சிறைப் பண்ணையொன்றில், விடுதலை பெறும் பொருட்டுக் கைதியர் சிலர் தாமே இசைந்து முன்வந்தனர். சோளமாவு, பாகு முதலியவற்றையே மாதக்கணக்கில் உண்ட 11 பேருள் 6 பேருக்குப் பெல்லாக்ரா கண்டது.

அப்பொழுதும் மறுத்துரைப்பார் வாய் அடங்கவில்லை. ஆகவே 1916இல் கோல்ட்பர்கர், நோயாளரின் இரத்தத்தைத் தம் உடலிற் செலுத்திக்கொண்டார். அவர்தம் தோற் செதிள்களையும் மலசலத்தையும் மாவுடன் கலந்து விழுங்கினார். உடன் பணிபுரிந்தார் சிலரும் அவ்வாறே செய்தனர். அவர் மனைவியார் மேரியும் நோயாளரின் இரத்தத்தை ஊசி வழியே ஏற்றார். ஒருவருக்கேனும் பெல்லாக்ரா வந்திலது.

ஆயினும் அவர் முன் நின்ற தடை, கிருமியினும் பெரிதாயிருந்தது. பொருளியல் வல்லுநர் எட்கர் ஸிடன்ஸ்டிரிக்கருடன் தென் கரோலினாவின் ஆலைக் கிராமங்களை ஆராய்ந்தபோது, வருவாய் குறையக் குறைய நோய் மிகுதலைக் கண்டார். பருத்தி ஒன்றையே பயிரிட்டுக் கடனில் மூழ்கிய உழவனுக்குப் பாலும் இறைச்சியும் எங்ஙனம் கிடைக்கும்? 1921இல் பருத்தி விலை வீழ்ந்தபோது நோய் பெருகுமென அவர் எச்சரித்தார். தென்னாட்டுத் தலைவர் பலர் அதனைத் தம் நாட்டுக்கு இழுக்கென்றே சினந்தனர். வறுமையை மாற்றும் ஆற்றல் வைத்தியர்க்கு இல்லை. ஆதலின் மலிவான பொருளை நாடி, ஈஸ்ட் நோயை நீக்குமெனக் கண்டறிந்தார். 1927இல் மிஸிஸிப்பி ஆறு பெருக்கெடுத்து ஊர்களை அழித்த காலத்து, செஞ்சிலுவைச் சங்கத்தார் அதனை வழங்கிப் பலரைக் காத்தனர்.

1929ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள், தமது 54ஆம் வயதில், புற்றுநோயால் அவர் மறைந்தார். தாம் தேடிய பொருள் யாதென அவர் அறிந்திலர். அது நிக்கொட்டினிக் அமிலம் என்பதை 1937இல் கான்ராட் எல்வேயெம் என்பார் நாய்களிடம் சோதித்துக் கண்டார். கோல்ட்பர்கர் மறைந்த அதே 1929இல், ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்னும் தம்பதியர், கொழுப்பை அறவே நீக்கிய உணவால் எலிகளின் தோல் செதிளாய் உரிதலைக் கண்டனர்; மறு ஆண்டில், கொழுப்பிலுள்ள லினோலிக் அமிலம் அதனைத் தீர்க்குமெனவும் காட்டினர். இங்ஙனம் உணவின் நுண்பொருள்களுக்கும் தோலுக்குமுள்ள உறவு பலவாறு விளங்கலாயிற்று.

தோலில் எழுந்த அழற்சியைக் கண்ட கண்கொண்டே, நோயாளரின் வெறும் கலத்தையும் அவர் நோக்கினார். மருந்து கண்டதனினும் அந்நோக்கே அவரது பெருமையாகும். ஏழையின் நோயை ஆராயப் புகுவார், அவன் உண்பது யாது, உண்ணப் பெறாதது யாது என்று முதற்கண் வினவுதல் கடனென்பதை அவர் வாழ்க்கை அறிவுறுத்துகின்றது.