ஆங்கிலப் பள்ளியில் சைவம் கற்பிக்க நாவலர் பட்ட பாடு

பாரிட் புந்தார், டிச. 5 – யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1879ஆம் ஆண்டு இதே நாளில் மறைந்தார். நம் ஆலயங்களில் நடக்கும் சமய வகுப்புகள் பலவற்றில் அவர் பெயரைச் சொல்லாமலேயே அவர் வழியில்தான் பாடம் நடக்கிறது. ஆசிரியர் கேள்வி கேட்பார், பிள்ளைகள் பதில் சொல்வார்கள். அந்த வினா விடை முறையைச் சைவப் பிள்ளைகளுக்கென்று நூலாக்கித் தந்தவர் அவர்.

தமிழ்ப்பள்ளியில் படிக்கும்வரை தேவார வகுப்புக்கு ஓடி வரும் பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றுக்குப் போனதும் மெல்ல நின்றுவிடுவது இங்குள்ள பெற்றோருக்குத் தெரிந்த கதை. இதே சிக்கலில் நாவலரும் மாட்டிக்கொண்டார். சிறு பிள்ளைகள் விஷயத்தில் வென்றவர், வளர்ந்த பிள்ளைகள் விஷயத்தில் தோற்றார்.

நாவலர் 1822 டிசம்பர் 18 அன்று நல்லூரில் கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் பிறந்தார். தமிழைப் புலவர்களிடமும், ஆங்கிலத்தை மெதடிஸ்ட் மிஷன் பள்ளியிலும் படித்தார். அதே பள்ளியில் ஆசிரியரானார். பெர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கியபோது உடனிருந்து உழைத்தவரும் இவர்தான். நெற்றியில் திருநீற்றோடு உட்கார்ந்து விவிலியத்துக்குத் தமிழ் எழுதிய இளைஞரை நினைத்துப் பார்த்தால் வியப்பாகத்தான் இருக்கும். ஆனால் மதம் பரப்புவோரின் வேலை முறையை உள்ளே இருந்தே கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் அவருக்கு வாய்த்திருக்காது. வாரந்தோறும் பிரசங்கம், வகுப்புக்கு வகுப்பு பாடநூல், சொந்த அச்சுக்கூடம் ஆகிய மூன்றையும் அங்கிருந்து எடுத்துச் சைவத்துக்குக் கொண்டுவந்தார்.

1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் முதல் பிரசங்கம் செய்தார். அடுத்த ஆண்டே மிஷன் பள்ளி வேலையை உதறிவிட்டு, அதே ஊரில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அங்கே கட்டணம் கிடையாது. மிஷன் பள்ளிகளுக்குக் கிடைத்த அரசாங்க உதவிப் பணமும் நீண்ட காலம் கிடைக்கவில்லை. 1849ஆம் ஆண்டு அச்சு இயந்திரம் வாங்கத் தமிழ்நாடு சென்றபோது, திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்ற பட்டம் தந்தது.

பள்ளி திறப்பதைவிடக் கடினமான வேலை அதன் பிறகுதான் வந்தது. கையில் கொடுக்கப் புத்தகம் இல்லை. சாத்திரமும் புராணமும் செய்யுளில் இருந்தன. பத்து வயதுப் பிள்ளைக்கு அவை எட்டாது. நாவலர் பாலபாடங்களை எழுதினார். பெரியபுராணத்தை 1852ஆம் ஆண்டு உரைநடையில் தந்தார். சைவ வினாவிடையை இரண்டு புத்தகங்களாகப் பிரித்தார். முதலாவது தொடக்கநிலைப் பிள்ளைக்கு உரியது. இரண்டாவது, ஏன் என்று கேட்கத் தொடங்கிய பிள்ளைக்கு விரிவாகப் பதில் சொல்வது. ஐந்தாம் வகுப்புக்குச் சொன்னதையே பதினைந்து வயதுப் பையனிடமும் திருப்பிச் சொன்னால் அவன் எழுந்து போய்விடுவான் என்பதை அவர் புரிந்து வைத்திருந்தார். 1864ஆம் ஆண்டு சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை எழுப்பினார்.

இவ்வளவு செய்தும் ஓட்டை ஓரிடத்தில் இருந்தது. அரசாங்க வேலைக்கு ஆங்கிலம் வேண்டும். ஆங்கிலம் மிஷன் பள்ளிகளில் இருந்தது. வித்தியாசாலையில் திருநீறு பூசிப் படித்த பிள்ளை, மேற்படிப்புக்கு அங்கேதான் போயாக வேண்டும். திருநீறு அணிந்து வந்த மாணவர்களை ஒரு மிஷன் பள்ளி வெளியேற்றியதும், நாவலர் 1872ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையில் சைவாங்கில வித்தியாசாலையைத் திறந்தார். ஆங்கிலமும் சைவமும் ஒரே கூரையின் கீழ் கிடைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம்.

அந்தப் பள்ளி சுமார் நான்கு ஆண்டுகளே ஓடியது. பணம் இல்லாமல் மூடப்பட்டது. நாவலரின் பிரசங்கத்துக்குத் திரண்ட ஊர், அவருடைய ஆங்கிலப் பள்ளிக்குக் கை கொடுக்கவில்லை. கேட்பதற்குக் கூட்டம் சேரும், மாதாமாதம் சம்பளம் கொடுக்கச் சேராது. ஆலய நிர்வாகத்தில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல.

அவரிடம் ஏற்க முடியாதவையும் உண்டு, அவற்றை மறைக்க வேண்டியதில்லை. சாதி ஒழுங்கை அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை. ஒடுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு அவருடைய சைவத்தில் சம இடம் இல்லை. பலி கொடுக்கும் சிறுதெய்வ வழிபாட்டையும் கடுமையாகச் சாடினார். தோட்டத்து முனியாண்டி கோயிலைக் கண்டிருந்தால் நம் முன்னோரையும் அவர் விட்டு வைத்திருக்கமாட்டார். வள்ளலாரின் பாடல்களை எதிர்த்து நீதிமன்றம் வரை போன கதை தனி. அதே மனிதர்தான் 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் கஞ்சித் தொட்டி வைத்துப் பசித்தவர்களுக்கு ஊற்றினார். கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

அவர் மூடிய கதவைப் பின்னால் வந்தவர்கள் திறந்தார்கள். சைவ பரிபாலன சபை முன்னின்று நடத்திய பள்ளி 1890ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையில் யாழ்ப்பாண இந்துக் கல்லூரியாக நிலைபெற்றது. ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்து இளைஞர்கள் குமாஸ்தாக்களாகவும் ரயில்வே ஊழியர்களாகவும் மலாயாவுக்கு வந்து, இங்கும் கோயில் கட்டினார்கள். கோலாலம்பூர் ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயில் அவர்கள் எழுப்பியது.

இலங்கையில் இன்று சாதாரண தரப் பரீட்சைக்கு உட்காரும் மாணவருக்குச் சமயம் கட்டாயப் பாடம். சைவப் பிள்ளை அதைச் சைவநெறியாகவே எழுதலாம். நம் இடைநிலைப்பள்ளிகளில் முஸ்லிம் மாணவர்களுக்கு இஸ்லாமியக் கல்வியும் மற்றவர்களுக்கு நன்னெறிக் கல்வியும்தான். இந்து சமயம் ஆலயத்துக்கும் வார இறுதிக்கும் விடப்பட்டிருக்கிறது. எஸ்.பி.எம். டியூஷனோடு மோதாத ஒரு மணி நேரத்தைக் கண்டுபிடிப்பதே வகுப்பு நடத்துவோரின் முதல் வேலையாக இருக்கிறது.